கறவை மாடு, கறி மாடு: குளுவாங் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், ரெங்கம், பாலோ, காஹாங் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை வந்துவிட்டது. லயன் வீடுகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் தாமான் வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் செம்பனை ஓரத்தில் கொட்டகை போட்டு நாலைந்து மாடு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மாடு வாங்கலாமா என்று யோசிக்கும் ஆட்களும் உண்டு. எந்த மாடு, எங்கிருந்து வந்தது, நம் வெயிலுக்குத் தாங்குமா என்று அவர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது.

மாட்டில் எத்தனை வகை?

பெயர் சொல்லி எண்ணினால் நூற்றுக்கணக்கில் வரும். ஆனால் பெரும்பாலானவற்றை இரண்டு பெரிய குடும்பத்துக்குள் அடக்கலாம்: திமில் உள்ளது, திமில் இல்லாதது. திமில் இல்லாத மாட்டை மனிதன் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்னால் யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளின் மேல்பகுதியில் பழக்கினான். ஐரோப்பிய மாடுகள் எல்லாம் அந்த வழி. திமில் உள்ள மாடு சிந்துவெளிப் பக்கம் பழக்கப்பட்டது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் மெஹர்கரில் கிடைத்த எலும்புகள் அதற்குச் சாட்சி. தளர்ந்து தொங்கும் தோல், பெரிய அலைதாடி, நீண்ட காது, நன்றாக வியர்க்கும் உடம்பு, இவையெல்லாம் இரண்டாவது குடும்பத்தின் அடையாளம். நம் ஊரில் ஒரு மாடு தாக்குப்பிடிக்குமா இல்லையா என்பதில் பாதி, இந்தக் குடும்ப ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதிலேயே தெரிந்துவிடும்.

இதோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஜாவா, பாலித் தீவுகளில் பான்டெங் என்ற காட்டு மாட்டைப் பழக்கி வந்தது பாலி மாடு. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சீமை மாடு மாடே இல்லை, ஏதோ மிருகத்தோடு கலந்து செய்தது என்று வாட்சாப்பில் வருகிறதே?

வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது. பன்றியோடு கலந்தது என்றுகூட எழுதுகிறார்கள். பன்றிக்கு இருப்பது 38 குரோமோசோம். மாட்டுக்கு 60, திமில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கறுப்பு வெள்ளைச் சீமை இனமான ஃப்ரீசியன் பசுவுக்கு நாட்டுக் காளையைச் சேர்த்தால் கன்று பிறக்கும், அந்தக் கன்றும் வளர்ந்து கன்று போடும். வேறு மிருகம் கலந்திருந்தால் இதெல்லாம் நடக்குமா? இரண்டு குடும்பமும் மனிதன் மாட்டைப் பழக்குவதற்கு வெகு காலம் முன்பே, காட்டிலேயே பிரிந்து போனவை. அவ்வளவுதான் வித்தியாசம். சீமை மாட்டைப் பிடிக்கவில்லை என்றால் வெயில் தாங்காது, உண்ணி தாங்காது என்று சொல்லலாம். அவை உண்மையான குறைகள்.

பாட்டன் காலத்தில் தோட்டத்தில் வளர்த்தது எந்த இனம்?

ஒரே இனம் என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த பல வகை மாடுகள் இங்கே ஒன்றோடொன்று கலந்து போயின. வண்டி இழுக்க வந்தது உண்டு, பாலுக்கு வந்தது உண்டு. தமிழர்களும் வளர்த்தார்கள், பால் வியாபாரம் செய்த பஞ்சாபிகளும் வளர்த்தார்கள். கால்நடை இலாகாவின் ஏடுகளில் இதற்கு 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்று தனிப் பெயரே இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் எல்.ஐ.டி. என்பார்கள்.

சாம்பல், வெள்ளை, செவலை என்று எல்லா நிறத்திலும் வரும். திமில் இருக்கும். பால் குறைவு, ஆனால் கெட்டி. தோட்டத்து ஓரப் புல்லையும் கொஞ்சம் தவிட்டையும் வைத்தே காலம் தள்ளிவிடும். கன்றை முதலில் ஊட்டவிட்டால்தான் மடி இறங்கும். கன்று செத்துப்போனால் பாலை நிறுத்திக்கொள்ளும் குணமும் உண்டு. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் முன் விடியற்காலையில் கறந்து, மிச்ச நேரமெல்லாம் மாட்டை அதன் போக்கில் விட்டுவிடும் வாழ்க்கைக்கு அந்த மாடு பொருந்தியது. பிற்காலத்தில் இதே மாடுகளுக்குத்தான் ஃப்ரீசியன் சினை ஊசி போட்டுக் கலப்பினத்தை உருவாக்கினார்கள். இன்று பழைய ரத்தம் அப்படியே உள்ள மாட்டைப் பார்ப்பது அரிது.

காங்கேயம் மாடு வளர்க்க ஆசை. பாலுக்கு ஆகுமா?

ஆசையை மதிக்கிறேன், ஆனால் பாலுக்கு ஆகாது. காங்கேயம் உழைப்புக்கென்று வளர்க்கப்பட்ட இனம். கொங்கு நாட்டில் வேலி அடைத்த கொறங்காட்டு மேய்ச்சலில், கொழுக்கட்டைப் புல் தின்று வளர்வது. அந்த இனத்தைப் பேணி நிலைநிறுத்தியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், சில மாதத்தில் சாம்பலாக மாறும். காளைக்குக் கழுத்தும் திமிலும் கறுத்து நிற்கும். கறவை என்று பார்த்தால் நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்.

தமிழ்நாட்டின் மற்ற இனங்களும் இப்படித்தான். உம்பளச்சேரி காவிரிக் கடைமடைச் சேற்று வயலுக்கு, புலிக்குளம் மதுரை, சிவகங்கைப் பக்கம் ஜல்லிக்கட்டுக்கு, பர்கூர் ஈரோட்டு மலைக்காட்டுக்கு. எல்லாமே கால் பலத்துக்கும் குணத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மடிக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன்தான் உலகத்திலேயே அதிகம் பால் கறக்கிறது. அதையே வாங்கினால் என்ன?

இதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. அதிகம் பேர் பணத்தை விடுவதும் இங்கேதான்.

ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து, ஜெர்மனியின் வடபகுதி ஆகிய குளிர்ந்த, புல் செழித்த கடலோரத் தாழ்நிலத்து மாடு. வளர்ந்த பசு 600, 700 கிலோ வரும். அமெரிக்காவில் ஒரு மாடு சராசரியாக ஆண்டுக்கு 10,000 கிலோவுக்கு மேல் கறக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் கண் விரிகிறது.

ஆனால் அந்தப் பால் சும்மா வருவதில்லை. பெரிய மாடு நிறையத் தின்ன வேண்டும். தின்றது வயிற்றில் நொதிக்கும்போது சூடு கிளம்பும். பால் சுரப்பதும் சூடு கிளப்பும். அந்தச் சூட்டை உடம்பு வெளியே தள்ள வேண்டும். காற்று 25 டிகிரிக்குள் இருந்தால் ஃப்ரீசியனுக்கு அது சுலபம். குளுவாங்கில் மதியம் 32, 33 டிகிரி, காற்றில் ஈரம் வேறு. ராத்திரியும் பெரிதாகக் குளிர்வதில்லை. மாடு என்ன செய்யும்? வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தீனியைக் குறைக்கும், பால் இறங்கிவிடும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. பருவத்துக்கு வருவது வெளியே தெரியாமல் போகும், சினை பிடிக்காது. ஓர் ஆண்டு சினை தவறினால் அந்த மாடு ஓர் ஆண்டு சும்மா தின்கிறது என்று கணக்கு.

அப்புறம் உண்ணி. உண்ணி கடித்து வரும் காய்ச்சலை நாட்டு மாடு தாங்கிக்கொள்ளும். குளிர் நாட்டிலிருந்து வந்த மாடு அதில் படுத்தால் எழுந்திருப்பது சிரமம்.

சபாவில் கினபாலு மலையடியில், குண்டாசாங்கில் ஃப்ரீசியன் மாடுகள் பச்சைப் புல்லில் மேய்வதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது மலைக் குளிர். சமவெளியில் அதே மாட்டை வைப்பவர்கள் உயரமான கூரை, பெரிய விசிறி, தண்ணீர் தெளிப்பான், குளிர்ந்த வேளையில் தீனி என்று செலவு செய்கிறார்கள். பெரிய பண்ணைக்கு அது கட்டும். நாலு மாட்டுக்குக் கட்டாது.

ஜெர்சி சின்ன மாடுதானே, அது தாங்குமே?

ஃப்ரீசியனைவிடத் தாங்கும். ஆனால் அதுவும் திமில் இல்லாத குடும்பம்தான். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள ஜெர்சி தீவு இதன் ஊர். 1789இல் வெளி மாடு உள்ளே வரக்கூடாது என்று அந்தத் தீவில் சட்டம் போட்டார்கள். 2008 வரை தீவின் ரத்தம் கலப்பில்லாமல் இருந்தது. பசு 400 கிலோ சுமார். மான் நிறம், குழிந்த முகம், பெரிய கண். பாலில் கொழுப்பு 5 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். ஃப்ரீசியனுக்கு 4க்குள். தயிர், நெய் போட்டு விற்பவர்களுக்கு இது நல்ல மாடு. லிட்டர் கணக்கில் விற்பவருக்குக் கொழுப்பைப் பார்த்து யாரும் காசு கூடக் கொடுப்பதில்லை. காளைக் கன்றுக்கும் சதை ஏறாது, விலை போகாது.

சாஹிவால், சிந்தி, கிர் இவையெல்லாம் எங்கிருந்து வந்தன?

சாஹிவால் பஞ்சாப் மாடு. இன்றைய பாகிஸ்தானில் உள்ள சாஹிவால் மாவட்டம், பழைய மான்ட்கோமரி. செம்பழுப்பு நிறம், தளர்ந்த தோல், சாதுவான நடை. ஓர் ஈத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல் கறக்கும் நல்ல மாடுகள் உண்டு. திமில் குடும்பத்தில் இது பெரிய கறவை. வெயில், உண்ணி இரண்டையும் தாங்கும். சிவப்புச் சிந்தி அதைவிடச் சின்னது, ஆழ்ந்த சிவப்பு. கிர் குஜராத்தின் கத்தியவார்ப் பகுதி, புடைத்த நெற்றி, இலை மடித்தது போன்ற நீண்ட காது. அதைப் பிரேசில் கொண்டுபோய், ஹோல்ஸ்டீனோடு கலந்து ஜிரோலாண்டோ என்று ஒரு கறவை இனத்தையே செய்துவிட்டார்கள்.

வெப்ப நாடுகள் பலவும் சாஹிவாலைக் கேட்டு வாங்கின. ஜமைக்காவில் தாமஸ் லெக்கி என்ற ஆய்வாளர் ஜெர்சியோடு சாஹிவாலையும் கொஞ்சம் ஹோல்ஸ்டீனையும் சேர்த்து 'ஜமைக்கா ஹோப்' இனத்தை உருவாக்கினார். ஆஸ்திரேலியா 1950களில் சாஹிவாலையும் சிந்தியையும் ஜெர்சியோடு கலந்தது. அதன் பிறகு குவீன்ஸ்லாந்தில் ஃப்ரீசியனோடு சாஹிவாலைக் கலந்தார்கள். நம் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாஃப்ரிவால் என்பது நம் ஊர் மாடா?

ஆமாம், குளுவாங்காரர்கள் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். சாஹிவால் கலந்த ஃப்ரீசியன் கிடேரிகளை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கால்நடை இலாகா கொண்டு வந்தது. அவற்றை இந்த வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகக் கழித்துத் தேர்ந்தெடுத்து மலேசிய ஃப்ரீசியன் சாஹிவால், சுருக்கமாக மாஃப்ரிவால், என்று ஒரு மந்தையை நிலைப்படுத்தினார்கள். இங்குள்ள கால்நடைக் கழகத்தில் அந்த மந்தை இருந்தது.

பெரும்பாலும் கறுப்பு அல்லது செம்பழுப்பு, சின்னத் திமில் அல்லது திமிலின் சாயல், கொஞ்சம் தொங்கும் தொப்புள் தோல். ஃப்ரீசியனைவிட உடம்பு சிறியது. நல்ல தீனி வைத்தால் நாளைக்கு 10 லிட்டரை ஒட்டிக் கறக்கும், மோசமான தீனியில் அதில் பாதி. கன்று பக்கத்தில் இல்லாமலே பெரும்பாலானவை பால் இறக்கும். மெஷினில் கறப்பவருக்கு அது முக்கியம்.

சின்ன அளவில் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். பாதி ஃப்ரீசியன், பாதி திமில் ரத்தம். ஃப்ரீசியன் கொஞ்சம் கூடினாலும் சமாளிக்கலாம். முக்காலைத் தாண்டினால் விசிறிக்குக் காசு எடுத்து வையுங்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சுத்தமான இரண்டு இனத்தைச் சேர்த்துப் பிறக்கும் முதல் தலைமுறைக் கிடேரி அபாரமாக இருக்கும். பாலும் வரும், நோயும் அண்டாது. அதைப் பார்த்து, அதே மாதிரி ஒரு கலப்பினக் காளையை வைத்தே அடுத்த கன்றையும் எடுத்துவிடுவார்கள். அடுத்த தலைமுறையில் அந்த வீரியம் பாதி இறங்கிவிடும், கன்றுகள் ஆளுக்கொரு மாதிரி வரும். 'நல்ல மாட்டுக் கன்றுதானே, ஏன் கறக்கவில்லை' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கலப்பினக் காளை நின்றுகொண்டிருக்கும்.

கறுப்பு வெள்ளையாக இருந்தால் ஃப்ரீசியன் ரத்தம் அதிகம் என்று அர்த்தமா?

ஓரளவு. கறுப்பு நிறம் சிவப்பை அடக்கிவிடும், ஆகவே பாதி ரத்தத்திலேயே கன்று கறுப்பாகப் பிறக்கும். வெள்ளைத் திட்டு அப்படியில்லை. அது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் பெரிதாக வெளியே தெரியும். எனவே முதல் தலைமுறைக் கலப்பு பெரும்பாலும் முழுக் கறுப்பாக, வயிற்றடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளையோடு இருக்கும். முதுகுவரை பெரிய வெள்ளைத் திட்டு ஏறியிருந்தால் ஃப்ரீசியன் பக்கம் ரத்தம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் நிறத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள். காலையிலும் மாலையிலும் நீங்களே நின்று கறந்து பாருங்கள். முதல் நாள் மாலை கறக்காமல் மடியைக் கட்டி வைத்து மறுநாள் காட்டுவது பழைய வித்தை.

ஒரு மாட்டுக்கு எவ்வளவு புல் வேண்டும்?

இதைக் கேட்காமல் இனத்தை மட்டும் கேட்பவர்கள்தான் அதிகம், அதனால் கேட்டவருக்கு நன்றி. கறவை மாடு தன் எடையில் 3 விழுக்காடு காய்ந்த எடைக்குத் தின்ன வேண்டும். 400 கிலோ மாட்டுக்கு 12 கிலோ. நேப்பியர் போன்ற பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். ஆகவே புல்லை மட்டும் கொடுத்தால் நாளைக்கு 60 கிலோ வெட்ட வேண்டும். 600 கிலோ ஃப்ரீசியனுக்கு 90 கிலோ. யார் வெட்டுவது?

புல்லின் ஒரு பகுதிக்குப் பதிலாக இங்கே மலிவாகக் கிடைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. பி.கே.சி. என்று கேட்டால் தீனிக் கடையில் தெரியும். சத்து உண்டு, ஆனால் மணல் மாதிரி சொரசொரப்பு. பழகாத மாடு முகத்தைத் திருப்பும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஆடு, குறிப்பாகச் செம்மறி, வைத்திருப்பவர்கள் அதே மூட்டையிலிருந்து அள்ளிப் போட வேண்டாம். அதில் இருக்கும் செம்பு மாட்டுக்கு ஒத்துக்கொள்ளும், செம்மறிக்கு நஞ்சு. தண்ணீரை மறக்காதீர்கள். வெயில் நாளில் கறவை மாடு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

ஏ2 பால் என்று அதிக விலைக்கு விற்கிறார்களே, நாட்டு மாட்டுப் பாலில் அப்படி என்ன இருக்கிறது?

பாலில் பீட்டா கேசின் என்று ஒரு புரதம் உண்டு. 209 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 67ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1, புரோலின் இருந்தால் ஏ2. திமில் மாடுகள் ஏறக்குறைய எல்லாமே ஏ2. ஃப்ரீசியனில் இரண்டும் கலந்து வரும், ஜெர்சியில் ஏ2 கூடுதல். எருமையும் ஏ2தான். இதுவரை எல்லாம் உறுதியான அறிவியல்.

ஏ1 பால் சர்க்கரை நோய், இதய நோய் கொண்டு வரும் என்ற பேச்சை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆராய்ந்து, அப்படிக் காரண-காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லை தருவது லாக்டோஸ். அது இரண்டு பாலிலும் ஒரே அளவு இருக்கிறது. நாட்டு மாட்டுப் பால் ருசியாக இருக்கிறது என்று விலை கூட வைத்து விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மருந்து என்று சொல்லி விற்பதுதான் சரியில்லை.

நாமோ மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கறி மாட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

நம்மில் பலர் தொடுவதில்லை, உண்மை. ஆனால் கறவை வைத்திருக்கும் வீட்டில் பாதிக் கன்று காளைக் கன்றாகத்தான் பிறக்கும். வண்டியும் இல்லை, ஏரும் இல்லை. அது எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோயிலுக்கு விடுகிறவர்கள் உண்டு, நல்லது. விற்பதென்றால் விவரம் தெரிந்து விற்பது மேல், இல்லாவிட்டால் இடைத்தரகர் சொல்வதே விலை.

இங்கே கறிக்குக் கிராக்கி ஏறுவது ஹரி ராயா ஹாஜிக்கு (ஹஜ்ஜுப் பெருநாள்) முன். குர்பான் பலிக்கு மாட்டுக்கு இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். நொண்டி, குருடு, நோஞ்சான் ஆகாது. எனவே ஆறு மாதக் கன்றை அவசரப்பட்டுத் தள்ளிவிடாமல், தீனி இருந்தால் வைத்திருந்து அந்தச் சமயத்தில் பேசுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் ஏற்றிப் போக இலாகாவின் அனுமதிச் சீட்டு தேவை. காதில் அடையாள வில்லை இல்லாத மாட்டை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

கெடா-கிளந்தான் மாடு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?

தீபகற்பத்தின் பழைய மலாய் நாட்டு மாடு அது. கே.கே. என்றால் எல்லாருக்கும் புரியும். பசு 200 கிலோ சுமார்தான். செம்பழுப்பிலிருந்து கறுப்பு வரை நிறம். சின்ன உடம்புக்குக் குறைந்த தீனி போதும், அதுதான் அதன் பலம். வயல் தாளையும் ரோட்டோரப் புல்லையும் தின்று, உண்ணியும் வெயிலும் பொருட்படுத்தாமல், ஆண்டுக்கு ஒரு கன்று என்ற கணக்கைப் பெரிய இனங்களைவிட நன்றாகக் காப்பாற்றும். பாலை எதிர்பார்க்க வேண்டாம், கன்றுக்கு இருக்கும், அவ்வளவுதான்.

அதன் உடம்பைப் பெரிதாக்க மார்டி வேளாண் ஆய்வுக் கழகம் பிராமன் காளையோடு கலந்து பிராக்மாஸ் என்ற இனத்தை எடுத்தது. பிரான்சின் வெள்ளைச் சரோலேயோடு கலந்தது சரோக். இரண்டில் நம் செம்பனைக் காட்டுக்குப் பிராக்மாஸே பொருத்தம், அப்பன் அம்மா இரண்டு பேருமே வெயிலுக்குப் பழகியவர்கள்.

பிராமன் அமெரிக்க மாடு என்கிறார்கள். திமில் எப்படி வந்தது?

பேர்தான் அமெரிக்கா, பிறந்த வீடு இந்தியா. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1920கள் வரை அமெரிக்காவுக்குப் போன இந்திய மாடுகள் 300க்கும் குறைவு, அதில் பெரும்பாலானவை காளைகள். கிர், குஜராத், ஓங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு ஆகிய இனங்களை டெக்ஸாஸ் பக்கத்து மாடுகளோடு கலந்து உருவாக்கினார்கள். 1924இல் வளர்ப்போர் சங்கம் அமைந்தது. அந்தப் பிராமனை ஆஸ்திரேலியா வாங்கி, ஷார்ட்ஹார்னோடு கலந்து டிராட்மாஸ்டர் என்ற செந்நிற இனத்தைச் செய்தது. நம் தோட்டங்களுக்குக் கப்பலில் வந்து இறங்கிய ஆஸ்திரேலிய மாடுகளில் இவை இரண்டும் உண்டு.

இதைவிடப் பெரிய கதை ஆந்திர ஓங்கோல் மாட்டுடையது. நெல்லூர் என்ற பெயரில் பிரேசிலுக்குப் போய், இன்று அந்த நாட்டின் கறி மாடுகளில் பெரும்பகுதி அதன் வம்சம். 2023இல் வியாட்டினா-19 என்ற நெல்லூர்ப் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை ஏலம் போனபோது, முழு மாட்டின் மதிப்பு 40 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. சொந்த ஊரில் அந்த இனத்தின் எண்ணிக்கை குறைந்துகொண்டிருக்க, அயலூரில் அது கோடியில் நிற்கிறது.

ஆங்கஸ், வாக்யூ இங்கே வளருமா?

ஆங்கஸ் ஸ்காட்லாந்து, கறுப்பு, கொம்பு கிடையாது. ஹெர்ஃபோர்டு இங்கிலாந்து, சிவப்பு உடம்பு, வெள்ளை முகம். சிமென்டால் சுவிட்சர்லாந்து, பாலும் தரும் கறியும் தரும். பெல்ஜியன் புளூ உடம்பெல்லாம் சதை உருண்டு நிற்கும், சதை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு அதில் பழுதானதால் வந்த உருவம். இவை யாவும் சமவெளியில் தனி இனமாக நிற்பது கஷ்டம்.

வாக்யூ ஜப்பானின் நாலு இனங்களுக்குப் பொதுப் பெயர். சதைக்குள் கொழுப்பு வலை பின்னியது போல ஓடும். 1997க்குப் பிறகு உயிருள்ள வாக்யூவையும் விதையையும் ஜப்பான் வெளியே விடுவதில்லை. நம் சூப்பர்மார்க்கெட்டில் ஆஸ்திரேலிய வாக்யூ என்று இருப்பதில் பெரும்பகுதி கலப்பு. அந்தக் கொழுப்பு வெறும் ரத்தத்தால் வருவதில்லை, மாதக்கணக்கில் தானியம் போட வேண்டும். பி.கே.சி. போட்டு வாக்யூ எடுக்கிறேன் என்று யாராவது பங்கு சேர்க்க வந்தால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பாலி மாட்டை நம் மாட்டோடு சேர்க்கலாமா?

பார்க்க மான் மாதிரி அழகு. நாலு காலிலும் வெள்ளை, பின்புறத்தில் வெள்ளை வட்டம், காளை வளர வளரக் கறுக்கும். மோசமான புல்லிலும் சினை பிடிக்கும். ஆனால் நாட்டு மாட்டோடு சேர்த்தால் பிறக்கும் கலப்புக் காளை மலடு. கலப்புக் கிடேரி மட்டும் கன்று ஈனும். செம்மறி ஆட்டிலிருந்து தொற்றும் ஒரு சளிக் காய்ச்சல் பாலி மாட்டைச் சட்டென்று கொன்றுவிடும், ஆகவே இரண்டையும் ஒரே கொட்டகையில் கட்டாதீர்கள்.

செம்பனைக் காட்டுக்குள் எந்த மாட்டை விடலாம்?

கே.கே., பிராக்மாஸ், பிராமன் கலப்பு. கறவை மாட்டை விடாதீர்கள், நடந்தே பால் வற்றிவிடும். கன்றுமரக் காட்டில் நிர்வாகம் விடாது, மட்டை எட்டும் உயரத்தில் இருக்கும் வரை மாடு கடிக்கும். மரம் வளர்ந்து நிழல் மூடிவிட்டால் புல் குறையும், பழைய காட்டில் ஒரு மாட்டுக்குப் பல ஏக்கர் வேண்டியிருக்கும். மின்கம்பி வேலி போட்டுக் கட்டம் கட்டமாக மாற்றி மேய்த்தால் களை அடங்கும், மண்ணும் மிதிபட்டு இறுகாது. மருந்து அடித்த கட்டத்துக்குள் எத்தனை நாள் கழித்து விடலாம் என்று முதல் நாளே தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டு வையுங்கள்.

எருமை?

வளரும். இங்குள்ள சேற்று எருமைக்குக் குரோமோசோம் 48, இந்தியாவின் முர்ரா எருமைக்கு 50, கலந்தால் 49, ஆனாலும் கன்று போடும். பாலுக்கு முர்ராதான், கொழுப்பு 7 விழுக்காடு. படுக்கத் தண்ணீர்க் குட்டை வேண்டும், அது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

சினை ஊசிக்கு எந்த இனத்து விதையைக் கேட்பது?

மாட்டைப் பார்த்துக் கேளுங்கள். கலப்பினத்தில் ஃப்ரீசியன் ஏற்கெனவே அதிகம் தெரிந்தால் சாஹிவால் அல்லது மாஃப்ரிவால். நாட்டு மாடாக இருந்தால் ஃப்ரீசியன் ஒரு தடவை. சின்ன உடம்புக் கிடேரிக்கு, முதல் ஈத்துக்கு, சரோலே, பெல்ஜியன் புளூ போன்ற பெரிய இனம் வேண்டவே வேண்டாம், கன்று வெளியே வராமல் இரண்டும் போகும். காலையில் பருவம் தெரிந்தால் மாலைக்குள், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி என்பது பொது வழக்கம். தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். ஏறக்குறைய 280 நாளில் ஈனும், திமில் இனம் ஒரு வாரம் பிந்தும்.

மலிவாகக் கிடேரிக் கன்று வருகிறது, நல்ல கறவையின் கன்று. வாங்கலாமா?

கன்று தனியாகப் பிறந்ததா, இரட்டையா என்று கேளுங்கள். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பத்தில் ஒன்பது மலடு. வயிற்றுக்குள்ளேயே இரண்டுக்கும் ரத்தம் கலந்து, கிடேரியின் கருப்பை சரியாக வளராமல் போய்விடுகிறது. எந்த இனமானாலும் இதே கதை. வெளியே பார்த்தால் தெரியாது. மலிவாக வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், விற்பவர் மழுப்பினால் கால்நடை மருத்துவரைக் கூட்டிப் போய்ச் சோதித்த பிறகு பணத்தை எடுங்கள்.